பிசிஎன்எல் முடிந்ததும் அப்பாவுக்கு எந்த டியூப்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு. இடது சிறுநீரகத்தில் 26 மில்லிமீட்டர் கல். பிசிஎன்எல், அதாவது முதுகில் துளை போட்டுக் கல்லை எடுக்கும் ஆபரேஷன், செய்யவேண்டும் என்று இரண்டு டாக்டர்களும் சொல்லிவிட்டார்கள். ஒருவர், "முதுகில் ஒரு டியூப், உள்ளே டிஜே ஸ்டென்ட், ரெண்டும் வைப்பேன்" என்கிறார். இன்னொருவர், "டியூப்லெஸ்ஸாகவே முடித்துவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் சித்தப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு கல் எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதம் எரிச்சலோடு கஷ்டப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது. அதைப் பார்த்ததால் அப்பா ஸ்டென்ட் என்றாலே பயப்படுகிறார். டியூப்லெஸ் என்றால் நிம்மதி என்று நினைக்கிறார்.

பதில்:

நான் டாக்டர் இல்லை. யூராலஜி வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகவும், பிறகு வார்டு பொறுப்பிலும் 23 வருடம் இருந்தேன். கல்லை எடுப்பது அவர்கள் வேலை. எடுத்த அன்று இரவு இரண்டு மணிக்கு டியூபில் என்ன நிறத்தில் வருகிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது எங்கள் வேலை. அந்த இடத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அப்பாவின் நிம்மதி அதில்தான் தொங்குகிறது. யூராலஜியில் டியூப்லெஸ் என்றால் முதுகில் டியூப் கிடையாது என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளே ஸ்டென்ட், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளேயே இருக்கும் மெல்லிய குழாய், பெரும்பாலும் இருக்கும். இரண்டுமே இல்லாததற்கு 'டோட்டலி டியூப்லெஸ்' என்று தனியாகப் பெயர் இருக்கிறது, அதைக் குறைந்த பேருக்குத்தான் செய்வார்கள். ஆக, ஸ்டென்டுக்குப் பயந்து டியூப்லெஸ் டாக்டரிடம் போனால், பயந்த அந்தப் பொருளோடுதான் அப்பா வீட்டுக்கு வருவார். வார்டில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "ஒண்ணுமே வைக்கலன்னு சொன்னாங்களே சிஸ்டர்" என்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் இருக்கும்.

யார் சொல்வது சரி என்றால், இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். இரண்டு பேருமே இன்னும் உள்ளே பார்க்கவில்லை. எந்த டியூப் என்பது கல்லை எடுத்து முடித்த கடைசிப் பத்து நிமிடத்தில், தியேட்டரில் முடிவாகிற விஷயம். இப்போது அவர்கள் சொல்வது அவரவர் வழக்கத்தை.

எதற்காக டியூப் என்பதைப் பார்ப்போம். பிசிஎன்எல்லில் முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழே ஒரு சிறு துளை போட்டு, அதைச் சிறுநீரகத்துக்குள் வரை அகலப்படுத்தி, அந்த வழியாகவே கருவியை விட்டுக் கல்லை உடைத்து எடுக்கிறார்கள். வழியின் அளவை 'ஃப்ரெஞ்ச்' கணக்கில் சொல்வார்கள். பாரிஸில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு அது. மூன்று ஃப்ரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர். வழக்கமான பிசிஎன்எல் பாதை 24 முதல் 30 ஃப்ரெஞ்ச், அதாவது 8 முதல் 10 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சுண்டுவிரல் தடிமன். மினி பிசிஎன்எல் என்றால் அதைவிடச் சிறியது.

இதயம் அனுப்புகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. அப்படிப்பட்ட உறுப்பில் துளை போட்டிருக்கிறோம். கல் போன இடம் வீங்கியிருக்கும், ரத்தக்கட்டி இருக்கும், சிறு துணுக்குகள் உருண்டு வந்து யூரேட்டரின் வாயில் உட்காரலாம். யூரேட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்குகிற மெல்லிய குழாய். அதன் உட்புறம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அது அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் நமக்காகக் காத்திருக்காது, ஊற்றிக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறும், வலிக்கும், முதுகுத் துளை வழியாகக் கசியும். கல்லுக்குள் கிருமி இருந்திருந்தால் அது ரத்தத்தில் கலந்து குளிர் ஜுரம் வரும். இதைத் தடுக்கத்தான் ஏதாவது ஒரு வடிகால் வேண்டும் என்கிறார்கள்.

முதுகு டியூபுக்கு நெஃப்ராஸ்டமி என்று பெயர். 1955-இல் அமெரிக்காவில் குட்வின் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் அடைபட்ட சிறுநீரகத்தில் ஊசி வழியாகக் குழாய் வைத்துக் காட்டினார்கள். அதே பாதையில் போய்க் கல்லை எடுக்கலாம் என்று 1976-இல் ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் எழுதியபோதுதான் பிசிஎன்எல் பிறந்தது. ஆக டியூப் முதலில் வந்தது, ஆபரேஷன் பிறகு. அதனாலேயோ என்னவோ, பல காலம் முதுகு டியூப் இல்லாமல் பிசிஎன்எல்லை முடிப்பது நினைத்தே பார்க்க முடியாததாக இருந்தது.

அந்த டியூபுக்கு மூன்று நல்ல குணம். நேரடியாக வடிக்கும், நடுவில் யூரேட்டர் வீங்கியிருக்கிறதா என்ற கவலை இல்லை. ரத்தம் அதிகம் வந்தால் டியூபைக் கொஞ்ச நேரம் மூடிவைத்து, உள்ளேயே உறைந்து அடங்க விடலாம். மிச்சக் கல் இருந்தால் இரண்டு நாள் கழித்து அதே வழியில் திரும்பப் போகலாம், புதிதாகத் துளை வேண்டாம். நான்காவதாக நர்ஸ்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு நன்மை உண்டு: உள்ளே நடப்பது கண்ணால் தெரியும். பையில் ரோஸ்மில்க் நிறம் என்றால் சரி. பீட்ரூட் சாறு என்றால் அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும். கட்டி கட்டியாக வந்தால், அல்லது ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், டியூட்டி டாக்டரை எழுப்பவேண்டும்.

கெட்ட குணம் என்றால் வலி. மூச்சை இழுத்துவிட்டால் வலிக்கும், திரும்பிப் படுத்தால் வலிக்கும். டியூப் எவ்வளவு தடிமனோ அவ்வளவு வலி. விலாக்களுக்கு நடுவே வைத்தது என்றால் இன்னும் அதிகம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பார்க்கும்படி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் போகவேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கவேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் உடம்புக்கடியில் மடங்கக்கூடாது. துணைக்கு இருப்பவர்கள் கட்டிலை நகர்த்தும்போது அந்தக் குழாயை இழுத்துவிட்ட சம்பவங்கள் எங்கள் வார்டில் நடந்திருக்கின்றன.

சாதாரணமாக 24 முதல் 48 மணி நேரத்தில் அதை எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் சில மணி நேரம் மூடிவைத்துப் பார்ப்பது பல இடங்களில் வழக்கம். வலி, ஜுரம், ஓரத்தில் கசிவு எதுவும் இல்லையென்றால் யூரேட்டர் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எடுக்க ஒரு நிமிடம் ஆகாது, கட்டிலிலேயே எடுக்கலாம். நுனி சுருண்ட வகையாக இருந்தால் உள்ளே அதைப் பிடித்துவைத்திருக்கிற நூலை முதலில் விடுவிக்கவேண்டும், அவ்வளவுதான். எடுத்த பிறகு சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை, முதுகுக் கட்டு நனைந்துகொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். அது சிறுநீர்தான், துளை தானே மூடிக்கொள்ளும். இரண்டு நாள் தாண்டியும் நனைகிறதென்றால்தான் கீழே ஏதோ அடைப்பு என்று ஸ்கேன் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அப்போது ஸ்டென்ட் வைப்பார்கள்.

இந்த டியூப் இல்லாமல் விட்டால் என்ன என்று லண்டனில் விக்கம் என்பவர் 1984-லேயே தேர்ந்தெடுத்த சிலருக்குச் செய்து பார்த்தார். 1986-இல் அமெரிக்காவிலிருந்து டியூபைச் சீக்கிரம் எடுத்ததால் வந்த சிக்கல்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அது பேசியது இரண்டே நோயாளிகளைப் பற்றித்தான். ஆனாலும் அதற்குப் பிறகு பத்து வருடம் எல்லோரும் ஒழுங்காக டியூப் வைத்தார்கள். 1997-இல் பெல்மன் குழுவினர் முதுகு டியூபுக்குப் பதில் உள்ளே ஸ்டென்ட் வைத்து முடித்துக் காட்டிய பிறகுதான் கதவு மறுபடி திறந்தது. நம் நாட்டிலும் நடியாதில், குஜராத்தில் உள்ள முல்ஜிபாய் பட்டேல் யூராலஜி மருத்துவமனையில், ஒரு ஒப்பீடு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். பத்துப் பேருக்கு 20 ஃப்ரெஞ்ச் தடி டியூப், பத்துப் பேருக்கு 9 ஃப்ரெஞ்ச் மெல்லிய டியூப், பத்துப் பேருக்கு முதுகு டியூப் இல்லாமல் ஸ்டென்ட் மட்டும். டியூப் இல்லாதவர்களுக்கு வலி மாத்திரை குறைவாகத் தேவைப்பட்டது, கசிவு சீக்கிரம் நின்றது, சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். முப்பதே பேர்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் காட்டுகின்றன.

ஒரு நிபந்தனை. இந்த ஆய்வுகளில் சேர்த்தவர்கள் சிக்கல் இல்லாதவர்கள். கல் முழுக்க வந்துவிட்டது, ரத்தம் அடங்கிவிட்டது, உள்ளே கிழியவில்லை, சீழ் இல்லை. அப்படி இல்லாதவருக்கு டியூப் வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஒரே ஒரு சிறுநீரகம் உள்ளவர், இரண்டு மூன்று பாதை போட்டவர், கடைசி விலாவுக்கு மேலே துளை போட்டதால் நெஞ்சுப் பக்கம் நீர் கசிய வாய்ப்புள்ளவர், இவர்களுக்கெல்லாம் முதுகு டியூப் இருந்தால்தான் வார்டில் எங்களுக்கும் தூக்கம் வரும்.

இப்போது அப்பா பயப்படும் ஸ்டென்ட். 1978-இல் ஃபின்னி வடிவமைத்தது. மேல் நுனி சிறுநீரகத்துக்குள் சுருண்டிருக்கும், கீழ் நுனி சிறுநீர்ப்பைக்குள் சுருண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஆங்கில 'ஜே' எழுத்துப் போல் வளைந்திருப்பதால் டபுள் ஜே, சுருக்கமாக டிஜே. பெரியவர்களுக்கு வைப்பது 5 அல்லது 6 ஃப்ரெஞ்ச், அதாவது மிஞ்சிப்போனால் இரண்டு மில்லிமீட்டர் தடிமன், நீளம் 24, 26 சென்டிமீட்டர். வெளியே ஒன்றும் தெரியாது, பை கிடையாது, சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். துணுக்குகள் இறங்கினாலும், யூரேட்டர் வீங்கினாலும், வழி திறந்தே இருக்கும்.

விலை சிறுநீர்ப்பையில் கட்டவேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் வரை ஏதோ ஒரு தொந்தரவைச் சொல்வார்கள் என்பது பல ஆய்வுகளில் வந்த கணக்கு, என் அனுபவமும் அதுதான். கீழ்ச்சுருள் சிறுநீர்ப்பையின் மிகவும் உணர்ச்சியுள்ள அடிப்பகுதியை உரசிக்கொண்டே இருப்பதால் அடிக்கடி வரும், அவசரமாக வரும், போய் முடிக்கும்போது நீர்க்கடுப்பு மாதிரி எரியும். கொஞ்சம் அதிகம் நடந்தாலோ வண்டியில் குலுங்கினாலோ சிவப்பாகப் போகும், உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் தெளியும். இன்னொன்று விசித்திரமாக இருக்கும்: சிறுநீர் கழிக்கும்போதே இடுப்புக்கு மேலே முதுகில் சுருக்கென்று வலிக்கும். சிறுநீர்ப்பை சுருங்கும்போது, ஸ்டென்ட் வழியாக நீர் திரும்ப மேலே சிறுநீரகத்துக்கு ஏறுகிறது. இயற்கையாக இருக்கிற ஒருவழிக் கதவை ஸ்டென்ட் திறந்தே பிடித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அடக்கி வைக்காமல் அடிக்கடி போவதும், முக்காமல் மெதுவாக விடுவதும் கைகொடுக்கும்.

மாத்திரைகளும் உண்டு. டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் இரவில் கொடுப்பது வழக்கம், சிலருக்கு சாலிஃபெனசின் அல்லது மிராபெக்ரான் சேர்ப்பார்கள். அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாம்சுலோசின் தொடங்கிய நாட்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது, தலை சுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலிஃபெனசின் மலச்சிக்கல் தரும், பிராஸ்டேட் வீக்கம் இருந்தால் அதைக் கொடுக்கும் முன் டாக்டர் யோசிப்பார். இதையெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்காதீர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழி இருக்கிறது, அதை ஏனோ யாரும் நோயாளியிடம் சொல்வதே இல்லை. பிசிஎன்எல் தொடங்கும்போதே, சாய நீர் ஏற்றுவதற்காகக் கீழிருந்து ஒரு நேரான மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை விட்டிருப்பார்கள். யூரெட்டெரிக் கதீட்டர் என்று பெயர். முடிந்ததும் அதை எடுத்துவிட்டு ஸ்டென்ட் வைப்பதற்குப் பதில், அதையே ஒரு இரவு அல்லது இரண்டு இரவு விட்டுவைத்து, சிறுநீர்ப்பையில் இருக்கும் ஃபோலி கதீட்டரோடு சேர்த்துக் கட்டிவிடலாம். மறுநாள் இரண்டையும் ஒன்றாக வார்டிலேயே எடுத்துவிடலாம். வீட்டுக்குப் போகும்போது உள்ளே ஒன்றுமில்லை, எடுப்பதற்கென்று இன்னொரு முறை வரவேண்டியதில்லை, இன்னொரு செலவும் இல்லை. குறை என்ன என்றால், சுருள் இல்லாததால் நழுவிவிடும். அப்பா எழுந்து நடமாடினால் கீழே இறங்கிவிடலாம். துணுக்கு மிச்சம் இருந்தால் ஒரு நாள் வடிகால் போதவும் போதாது. ஆனால் கல் சுத்தமாக வந்துவிட்ட, ஸ்டென்டுக்குப் பயப்படுகிற ஒருவருக்கு, என் வீட்டு மனிதராக இருந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்.

டோட்டலி டியூப்லெஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல் பெரிதல்ல, ஒரே பாதை, ரத்தம் இல்லை, யூரேட்டர் தெளிவாக இருக்கிறது, கை தேர்ந்த டாக்டர் என்றால் நன்றாகவே நடக்கும். 26 மில்லிமீட்டர் கல்லும் சர்க்கரையும் உள்ள 64 வயதுக்காரருக்கு அதை நாமாகப் போய்க் கேட்கத் தேவையில்லை.

ஃபோலி கதீட்டர் எல்லோருக்கும் உண்டு, கீழே சிறுநீர்ப்பையில் இருக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதில் ஒரு நுட்பம் மட்டும் சொல்கிறேன். ஸ்டென்ட் உள்ளவருக்கு முதுகு டியூபை எடுத்ததும் அவசரப்பட்டு ஃபோலியையும் எடுத்துவிட்டால், சிறுநீர்ப்பை நிறையும்போது நீர் ஸ்டென்ட் வழியாக மேலேறி முதுகுத் துளையில் கசியும். அதனால் கசிவு நிற்கும்வரை ஃபோலியை விட்டுவைக்கச் சொல்வார்கள். "இதை எப்ப சிஸ்டர் எடுப்பீங்க" என்று மணிக்கொரு தடவை அப்பா கேட்டால், காரணம் இதுதான் என்று சொல்லுங்கள்.

முதல் டாக்டர் இரண்டும் வைப்பேன் என்கிறாரே, அது அதிகம் இல்லையா என்று தோன்றும். பழைய வழக்கம் அது, பாதுகாப்பு அதிகம், தொந்தரவும் இரட்டிப்பு. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கிருமி சீக்கிரம் பரவும், ஆபரேஷன் முடிந்த அன்று சாயங்காலம் குளிர் ஜுரம் வருவது இவர்களில்தான் அதிகம். யூரின் கல்ச்சர் பரிசோதனையில் என்ன வந்தது என்று கேளுங்கள். கிருமி வளர்ந்திருந்து, அதற்கு மருந்து கொடுத்த பிறகு ஆபரேஷன் என்றால், முதுகு டியூபை ஒரு நாளாவது வைக்கச் சொல்லி நானே கேட்பேன். கல்ச்சர் சுத்தம், சர்க்கரை கட்டுப்பாட்டில், ஒரே பாதையில் கல் முழுக்க வந்துவிட்டது என்றால், இரண்டாவது டாக்டர் சொல்கிறபடி முதுகு டியூப் இல்லாமல் முடிப்பதில் தவறே இல்லை. அப்போது ஸ்டென்டா, ஒரு இரவுக் கதீட்டரா என்பது மட்டும்தான் மிச்சம்.

லேசர் முறையில், அதாவது கீழ்வழியாகவே போகும் ஆர்ஐஆர்எஸ் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் பிசிஎன்எல்தான் முதல் தேர்வு என்பது பொதுவான நெறி. ஆர்ஐஆர்எஸ்ஸில் முதுகு டியூப் கிடையாது, உண்மை, ஆனால் ஸ்டென்ட் ஏறக்குறைய நிச்சயம், சிலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே ஒன்று வைத்து யூரேட்டரை விரியவிடுவார்கள். ஸ்டென்டிலிருந்து தப்பிக்க அந்தப் பக்கம் போவது வீண். யூரேட்டரில் சிக்கிய சின்னக் கல்லை எடுக்கிற யூஆர்எஸ்ஸில்தான், காயம் இல்லாமல் சுலபமாக முடிந்தால், ஸ்டென்டே வேண்டாம் என்று அமெரிக்க, ஐரோப்பிய யூராலஜி சங்கங்களின் நெறிமுறைகள் சொல்கின்றன.

ஆபரேஷனுக்கு முன்பே அப்பாவுக்கு அடைப்போடு காய்ச்சல் வந்துவிட்டால் எல்லாக் கணக்கும் மாறும். அப்போது கல்லைத் தொட மாட்டார்கள். சீழை வடிக்க முதுகு டியூபோ ஸ்டென்டோ அவசரமாக வைப்பார்கள். இரண்டில் எது மேல் என்று 1998-இல் அமெரிக்காவில் 42 பேரை வைத்து ஒப்பிட்டார்கள், எதுவும் எதையும் மிஞ்சவில்லை. எது சீக்கிரம் கிடைக்கிறதோ அது.

டாக்டரிடம் கேட்கவேண்டியதை இப்படிக் கேளுங்கள். "டியூப் வைப்பீங்களா" என்று கேட்டால் ஆம், இல்லை என்று முடிந்துவிடும். "உள்ளே என்ன பார்த்தால் டியூப் வைப்பீங்க, என்ன பார்த்தால் வைக்க மாட்டீங்க" என்று கேட்டால் அவர் மனதில் இருப்பது வெளியே வரும். அடுத்து, "ஸ்டென்டுக்குப் பதில் ஒரு நாள் யூரெட்டெரிக் கதீட்டர் போதுமா" என்று கேளுங்கள். போதாது என்றால் காரணம் சொல்வார், அந்தக் காரணம் பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும். கடைசிக் கேள்விதான் முக்கியம்: ஸ்டென்ட் வைத்தால் எந்தத் தேதியில், யார், எங்கே எடுப்பார்கள்? வாயால் சொன்னால் போதாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி எழுதி வாங்குங்கள், உங்கள் போனில் அலாரம் வையுங்கள்.

எடுப்பது பெரிய விஷயமில்லை. ஓபியிலேயே மரத்துப்போகும் ஜெல்லி போட்டு, சின்னக் கேமராக் குழாய் விட்டுப் பிடித்து இழுப்பார்கள், ஐந்து நிமிடம். சில டாக்டர்கள் கீழ் நுனியில் நூல் கட்டி வெளியே விடுவார்கள், கேமராவே வேண்டாம், நூலை இழுத்தால் வந்துவிடும். ஒரு வாரத்துக்குள் எடுக்கப்போகிற ஸ்டென்டுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் தூக்கத்தில் தெரியாமல் இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. எடுத்த அன்று சாயங்காலம் சிலருக்குப் பழைய கல் வலி மாதிரியே ஒரு வலி வந்து போகும். யூரேட்டர் வீங்கிச் சுருங்குவதால் வருவது. எடுப்பதற்கு முன்பே ஒரு வலி மாத்திரை தரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருந்தால் தருவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எந்த டியூபாக இருந்தாலும் சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் ஜுரம், அதுவும் நடுக்கத்தோடு என்றால் அன்றிரவே ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டி வந்து சிறுநீர் நின்றுவிட்டாலும் அப்படித்தான். பிசிஎன்எல் ஆகி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து, எல்லாம் தெளிந்த பிறகு, திடீரென்று ரத்தமாகப் போனால் அதை ஸ்டென்ட் உரசல் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருக்கலாம். நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவாக வருவது, ஆனால் வந்தால் அந்தக் குழாயை உள்ளிருந்தே அடைக்கவேண்டியிருக்கும்.

தேதியைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், எங்கள் வார்டில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. ஸ்டென்டோடு போகிற ஒவ்வொருவரின் பெயர், போன் நம்பர், எடுக்கவேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். வராதவருக்குப் போன் செய்வோம். அந்த நோட்டு எப்படி வந்தது என்றால், ஒருவர் நான்கு வருடம் கழித்து வந்தார், வேறு ஊரில் வைத்த ஸ்டென்ட். அவர் வைத்திருந்த சம்மரியில் ஸ்டென்ட் என்ற வார்த்தையே இல்லை, வலியும் அடங்கிவிட்டதால் அவரும் மறந்துவிட்டார். எக்ஸ்ரேயில் மேலே ஒரு எலுமிச்சை, கீழே ஒரு எலுமிச்சை, நடுவில் ஒரு கம்பி. இரண்டு நுனியிலும் கல் வளர்ந்துவிட்டது. அதை எடுக்க மூன்று முறை தியேட்டருக்குப் போனார். கல் வருகிற உடம்பில் ஸ்டென்டின் மேலேயும் கல் படியும். 1991-இல் ரியாத்திலிருந்து வந்த ஒரு ஆய்வில், கல் நோயாளிகளிடமிருந்து 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்டுகளில் 9 சதவீதத்தில் படிவு இருந்தது, 6 முதல் 12 வாரத்தில் 47 சதவீதம், 12 வாரம் தாண்டியவற்றில் 76 சதவீதம். பிசிஎன்எல்லுக்குப் பிறகு வைப்பதை இரண்டு, நான்கு வாரத்தில் எடுப்பதே வழக்கம். எப்படியும் மூன்று மாதம் தாண்டக்கூடாது என்பார்கள்.

உங்கள் கேள்வியை மறுபடி படித்தேன். சித்தப்பா ஒரு மாதம் கஷ்டப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்தார்கள் என்று எழுதவில்லை. விட்டுப்போயிருக்கலாம். இருந்தாலும் இன்றைக்கே அவருக்குப் போன் செய்து, எடுத்தாகிவிட்டதா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். அவருக்கு நினைவில்லை என்றாலோ, "அது தானா கரைஞ்சிடும்ல" என்று சொன்னாலோ, நாளைக்குக் காலையில் வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கேயூபி எக்ஸ்ரே என்று கேட்டால் எந்த லேபிலும் எடுப்பார்கள். ஸ்டென்ட் இருந்தால் அதில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.